அரை மில்லிமீட்டர் சண்டை: எச்டி டிவிடி ஏன் புளூ-ரேயிடம் தோற்றது?

டிவிடிக்கு அடுத்த உயர்தெளிவு டிஸ்க்காகத் தோஷிபா பக்கம் எச்டி டிவிடியையும் சோனி பக்கம் புளூ-ரேயையும் இறக்கின. கேள்வி இது: எச்டி டிவிடி பிளேயர் விலை குறைவு, புளூ-ரேக்கு முன்பே அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது, ஒரு நாட்டு டிஸ்க்கை வேறு நாட்டுப் பிளேயரில் ஓடவிடாத ரீஜன் பூட்டும் கிடையாது. அப்படியிருந்தும் இரண்டே வருடத்தில் ஏன் கடையைக் கட்டியது? கூடவே இன்னொன்று: அந்தக் காலத்து எச்டி டிவிடி டிஸ்க்குகள் கைக்கு வந்தால் இன்று போட்டுப் பார்க்க வழி உண்டா?

"சோனியிடம் பிளேஸ்டேஷன் இருந்தது, தோஷிபாவிடம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். பொய்யில்லை, ஆனால் அரைப் பதில். டிஸ்க்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால்தான் மீதி விளங்கும். கொள்ளளவு, அச்சடிக்கும் செலவு, காப்புரிமைத் தகராறு எல்லாமே அந்தக் குறுக்குவெட்டில் இருக்கும் 0.5 மி.மீ. வித்தியாசத்திலிருந்து கிளம்பியவை. அந்த டிஸ்க்குகள் இன்று கெட்டுப்போகும் விதம்கூட அப்படித்தான்.

இரண்டு தரப்பும் பயன்படுத்தியது ஒரே வகை லேசர்: 405 நானோமீட்டர் அலைநீளம், நீலமும் ஊதாவும் கலந்த நிறம். ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா 1990களில் காலியம் நைட்ரைடைக் கொண்டு செய்த வேலைதான் இதற்கு அடித்தளம். டிவிடியில் இருப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். சிடி முதல் புளூ-ரே வரை எல்லா டிஸ்க்கும் 1.2 மி.மீ. தடிமன்தான். தகவல் படலம் அதற்குள் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். சிடியில் அது லேபிளை ஒட்டியே இருக்கும். ஒளி கிட்டத்தட்ட முழுத் தடிமனையும் கடந்து போக வேண்டும். டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது, படலம் நடுவில். எச்டி டிவிடி அதே அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டது. புளூ-ரே மட்டும் 1.1 மி.மீ. அடித்தகட்டின் மேல் படலத்தைப் போட்டு, அதற்கு மேல் வெறும் 0.1 மி.மீ. மூடி போட்டது.

இதனால் என்ன லாபம் என்பதைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேசர் புள்ளியின் அகலம், அலைநீளத்தை லென்ஸின் ஒளி குவிக்கும் திறனால், அதாவது என்ஏ என்ற எண்ணால், வகுத்தால் வரும் விகிதத்தில் இருக்கும். டிவிடிக்கு 650-ஐ 0.60-ஆல் வகுத்தால் சுமார் 1083. எச்டி டிவிடிக்கு 405-ஐ 0.65-ஆல் வகுத்தால் 623. புளூ-ரேக்கு 405-ஐ 0.85-ஆல் வகுத்தால் 476. புள்ளி நீளத்திலும் அகலத்திலும் சுருங்குவதால் அடர்த்திக்கு இந்த விகிதத்தை இருபடியாக்க வேண்டும். டிவிடியோடு ஒப்பிட்டால் எச்டி டிவிடிக்கு 3 மடங்கு, புளூ-ரேக்கு 5.2 மடங்கு வருகிறது. டிவிடியின் 4.7 ஜிபியை இவற்றால் பெருக்கினால் 14, 24. கடைக்கு வந்தவை ஒரு அடுக்குக்கு 15 ஜிபி, 25 ஜிபி. மீதி ஒரு ஜிபி கோடிங்கில் பிழிந்து எடுத்தது. இரட்டை அடுக்கென்றால் 30, 50.

தோஷிபாவும் 0.85 லென்ஸையே போட்டிருக்கலாமே என்று தோன்றும். முடியாது. டிஸ்க் சுழலும்போது துளி சாய்ந்தாலும், வெப்பத்தில் லேசாக வளைந்தாலும், லேசர் புள்ளி வால்நட்சத்திரம் போல ஒரு பக்கம் இழுபடும். அந்த இழுவை, மூடியின் தடிமனுக்கும் என்ஏ எண்ணின் முப்படிக்கும் நேர்விகிதத்தில் கூடும். அலைநீளம் குறையக் குறைய அதுவும் கூடும். 0.6 மி.மீ. மூடிக்கு அடியில் 0.85 லென்ஸைப் போட்டால் டிவிடியைப் போல நாலரை மடங்கு இழுவை வரும். வீட்டில் விற்கும் விலையில் அதைத் தாங்குகிற பிளேயர் செய்ய முடியாது. மூடியை 0.1 மி.மீ. ஆக்கினால் டிவிடியில் முக்கால் பங்குதான். ஆக, பெரிய லென்ஸ் வேண்டுமானால் மெல்லிய மூடி கட்டாயம். தோஷிபா மூடியைத் தொட விரும்பவில்லை. அதனால் லென்ஸ் 0.65-இலேயே நின்றது. அதற்கே சாய்வு விஷயத்தில் டிவிடியைவிட இரண்டு மடங்கு கறாராக இருக்க வேண்டியிருந்தது.

மெல்லிய மூடிக்கும் விலை உண்டு. லேசர் கதிர் டிஸ்க்கின் மேற்பரப்பில் நுழையும் இடத்தில் டிவிடியில் சுமார் அரை மி.மீ. அகலமாக இருக்கும். அங்கே ஒரு தூசி கிடந்தாலும் கதிரில் சிறு பகுதிதான் மறையும். புளூ-ரேயில் அதே இடத்தில் கதிரின் அகலம் 0.13 மி.மீ. அளவுதான். டிவிடியைப் பாதிக்காத கைரேகை இதில் படத்தையே நிறுத்திவிடும். 2003 ஏப்ரலில் சோனி ஜப்பானில் விற்ற முதல் புளூ-ரே ரெக்கார்டர் பிடிசட்-எஸ்77-இல் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தே தர வேண்டியிருந்தது. 23 ஜிபி டிஸ்க், ரெக்கார்டர் விலை 4,50,000 யென். பிறகு டிடிகே கண்டுபிடித்த கடினப் பூச்சு வந்த பின்தான் கூட்டைத் தூக்கிப்போட்டு, வெறும் டிஸ்க்காக விற்க முடிந்தது. அந்தப் பூச்சு வராமல் போயிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அச்சடிப்பில் தோஷிபாவின் வாதம் வலுவானது. டிவிடி அச்சடிக்கும் ஆலை இருந்தால் போதும். அச்சை மாற்றி, இயந்திரத்தைச் சற்றுத் திருத்தி, அதே லைனில் எச்டி டிவிடியும் அடிக்கலாம். புளூ-ரேக்கு 0.1 மி.மீ. மூடியைச் சீரான தடிமனில் பரப்ப வேண்டும். பசைக்கூழைச் சுழற்றிப் பரப்பினாலும் சரி, மெல்லிய ஃபிலிமை ஒட்டினாலும் சரி, அதற்குப் புது இயந்திரம் வேண்டும். ஓரத்தில் தடிமன் கொஞ்சம் கூடினாலும் வெளிவட்டத்தில் உள்ள தகவல் படிக்காது. இரட்டை அடுக்கில் இன்னும் கஷ்டம்.

முதல் வருடத்தில் இது கண்ணுக்கே தெரிந்தது. 2006 ஜூனில் வந்த முதல் புளூ-ரே படங்கள் 25 ஜிபி ஒற்றை அடுக்கு, பழைய எம்பெக்-2 கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை), அதோடு சுருக்கப்படாத பிசிஎம் ஒலி. 6 சேனல், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் ஒலிக்கு மட்டும் நொடிக்கு 4.6 மெகாபிட். இரண்டு மணி நேரப் படத்துக்கு 25 ஜிபியில் கிடைப்பதே சராசரி 27 சொச்சம். ஒலி போக 23 மிஞ்சும். பழைய கோடெக்குக்கு அது இழுபறிதான். எதிர்ப்பக்கம் 30 ஜிபியில் மைக்ரோசாஃப்டின் விசி-1 கோடெக்கைப் போட்டு வந்த எச்டி டிவிடி படங்கள் அப்போது பளிச்சென்றே இருந்தன. போதாக்குறைக்கு, முதல் புளூ-ரே பிளேயரான சாம்சங் பிடி-பி1000-இல் இரைச்சல் நீக்கும் சிப்பின் செட்டிங் தவறாக இயக்கத்தில் விடப்பட்டிருந்ததால் படம் மழுங்கித் தெரிந்தது. விலையோ 999 டாலர். முதல் சுற்று தோஷிபாவுக்குத்தான் போனது.

அப்படியென்றால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரே வடிவமாக்கியிருக்கலாமே? பேசினார்கள். 2005-இல் சில மாதங்கள் பேச்சு நடந்து, ஆகஸ்டில் முறிந்தது. மோதல் இந்த 0.1, 0.6 விஷயத்தில்தான். அதன் வேரைப் பார்க்க 1995-க்குப் போக வேண்டும். அப்போது டிவிடிக்கே இரண்டு வடிவங்கள் போட்டி போட்டன. சோனியும் பிலிப்ஸும் முன்வைத்த எம்எம்சிடி ஒரு பக்கம். தோஷிபா, டைம் வார்னர், மட்சுஷிட்டா (இன்றைய பானசோனிக்) கூட்டணியின் எஸ்டி மறுபக்கம். இரண்டு 0.6 மி.மீ. தகடுகளை ஒட்டும் யோசனை எஸ்டியுடையது. ஐபிஎம் முதலான கணினி நிறுவனங்கள் "ஒன்றாக வாருங்கள், இல்லையேல் இரண்டையும் தொடமாட்டோம்" என்று முரண்டு பிடிக்க, அந்த ஆண்டு செப்டம்பரில் சமரசம் ஆனது. ஒட்டுத் தகடு தோஷிபா பக்கத்துக்கு. சமிக்ஞை மாற்றும் முறை பிலிப்ஸ், சோனி பக்கத்துக்கு. அதற்கு விலையாக 5 ஜிபி 4.7 ஆனது. அடுத்த பத்து வருடம் விற்ற ஒவ்வொரு டிவிடிக்கும் ராயல்டி இரண்டு பக்கமும் பிரிந்து போயிற்று. காப்புரிமைக் குழுக்களே 6சி, 3சி என்று தனித்தனியாக இயங்கின. ஆக, 2005-இல் மூடியின் தடிமனை விட்டுக்கொடுப்பது என்பது பொறியாளர் விட்டுக்கொடுப்பதல்ல. அடுத்த பத்தாண்டு வருமானத்தை விட்டுக்கொடுப்பது. சமரசம் செய்ய நடுவாந்திரமாக ஒரு தடிமனும் கிடையாது. 0.35 மி.மீ. என்று வைத்தால் இரண்டு பேர் ஆலைக்கும் ஆகாது.

கூட்டணிக் கணக்கிலும் அப்போதே கோணல் இருந்தது. 2002 பிப்ரவரி 19-ஆம் தேதி புளூ-ரேயை அறிவித்தவை ஒன்பது நிறுவனங்கள்: சோனி, மட்சுஷிட்டா, பயனியர், பிலிப்ஸ், ஷார்ப், ஹிட்டாச்சி, எல்ஜி, சாம்சங், தாம்சன். பிளேயர் செய்யத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே கூடாரத்தில். எதிரே தோஷிபாவும் என்ஈசியும். 2005 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் எச்டி டிவிடிக்கு ஆதரவு சொன்னார்கள். ஆனால் அவர்கள் கடைக்குப் பிளேயர் செய்து தருகிறவர்கள் இல்லை.

பிளேயர் சண்டைக்கு வருவோம். தோஷிபாவின் எச்டி-ஏ1 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது. பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்: உள்ளே 2.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, 1 ஜிபி ரேம், லினக்ஸ். பிளேயர் என்ற பெயரில் ஒரு மேசைக் கணினியே கிடந்தது. சுவிட்ச் போட்டுப் படம் ஓட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த விலைக்கு அத்தனையும் தர முடியாது என்பது பார்த்தவுடனே தெரியும், நட்டத்துக்கு விற்றார்கள். ஆனால் அதன் விதிமுறை ஒழுங்கானது. முதல் பிளேயரிலிருந்தே ஈதர்நெட் போர்ட், உள்சேமிப்பு, படத்துக்குள் இன்னொரு சிறு படம் காட்டும் வசதி எல்லாம் கட்டாயம்.

புளூ-ரே பக்கம் இதில் குழப்படி. அங்கே பிளேயரின் வசதிகளைப் புரொஃபைல் என்று படிப்படியாகப் பிரித்திருந்தார்கள். முதல் பிளேயர்கள் புரொஃபைல் 1.0. 2007 நவம்பருக்குப் பிறகு வரும் புது மாடல்களுக்கு 1.1 கட்டாயம். நெட் இணைப்பும் 1 ஜிபி சேமிப்பும் வேண்டுமென்றால் 2.0. ஆயிரம் டாலர் கொடுத்து முதலில் வாங்கியவருக்குப் பின்னாளைய டிஸ்க்குகளின் கூடுதல் வசதிகள் வேலை செய்யாது. படம் மட்டும் ஓடும். வாங்கியவர்கள் திட்டித் தீர்த்திருக்க வேண்டும். அவ்வளவாகத் திட்டாததற்கு ஒரே காரணம் பிளேஸ்டேஷன் 3. அதற்கு 1.1-உம் 2.0-உம் மென்பொருள் அப்டேட்டாகவே வந்து சேர்ந்தன.

பிஎஸ்3 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்தது. அமெரிக்க விலை 20 ஜிபி மாடலுக்கு 499, 60 ஜிபிக்கு 599 டாலர். இதுவும் நட்டத்துக்குத்தான். நீல லேசர் டயோடு போதாமல் ஐரோப்பிய வெளியீட்டையே 2007 மார்ச்சுக்குத் தள்ளினார்கள். கேம் ஆட வாங்கியவர் வீட்டிலும் புளூ-ரே பிளேயர் ஒன்று தானாக வந்து உட்கார்ந்தது. 2007 முடிவதற்குள் அனுப்பப்பட்ட பிஎஸ்3 ஒரு கோடியை எட்டியது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? எக்ஸ்பாக்ஸ் 360-க்குள் எச்டி டிவிடியை வைக்காமல், 199 டாலருக்குத் தனிப் பெட்டியாக விற்றது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பெட்டியைக் கேம் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் வாங்கவில்லை. அது வியப்புமில்லை.

விலையைக் குறைத்ததால்தான் தோஷிபா அத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது நேர்மாறு. 2007 நவம்பர் 2-ஆம் தேதி வால்மார்ட்டில் எச்டி-ஏ2 98.87 டாலருக்குப் போனது. கூட்டம் அள்ளிக்கொண்டு போயிற்று. ஆனால் செய்கிறவரே நட்டத்தில் 99 டாலருக்கு விற்கும் சந்தையில் வேறு எந்தக் கம்பெனி நுழையும்? ஓன்கியோ, வென்சுரர் என்று ஓரிரண்டு பெயர்கள் தலைகாட்டின. ஆர்சிஏ பெயரில் விற்றது தோஷிபா பெட்டிதான். புளூ-ரேயில் விலை கூடுதலாக இருந்ததாலேயே பானசோனிக், சாம்சங், பயனியர், ஷார்ப், எல்ஜி என்று ஆளாளுக்கு லாபம் பார்க்க இடமிருந்தது. ஒவ்வொருவரும் விளம்பரத்துக்குச் செலவழித்தார்கள், ஒவ்வொருவரும் கடைத்தட்டில் இடம் பிடித்தார்கள். கடைக்காரர் கண்ணில் ஒரு பக்கம் ஆறேழு பிராண்டுகள், இன்னொரு பக்கம் ஒன்று. அதிலும் தள்ளுபடி விலைக்குப் பிளேயர் வாங்கியவர் 30 டாலர் கொடுத்துப் படம் வாங்குகிற ஆள் இல்லை. அதை நல்ல டிவிடி பிளேயராக வைத்துக்கொண்டவர்களே அதிகம்.

இரண்டையும் ஓட்டும் பெட்டியும் வந்தது. எல்ஜி பிஎச்100, 2007 தொடக்கத்தில், 1,199 டாலர். எச்டி டிவிடியின் மெனு வசதி முழுதாக இல்லாததால் அந்த லோகோவைப் பெட்டியில் போட முடியவில்லை. ஒரே டிஸ்க்கில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று வார்னர் அறிவித்த திட்டம் கடைக்கு வராமலே போயிற்று.

முடிவைக் கொண்டுவந்தது ஸ்டுடியோக்கள். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ், லயன்ஸ்கேட், எம்ஜிஎம் புளூ-ரே பக்கம்; யுனிவர்சல் எச்டி டிவிடி பக்கம்; வார்னரும் பாரமவுண்டும் இரண்டிலும். ஃபாக்ஸும் டிஸ்னியும் புளூ-ரேயை விரும்பியதில் கொள்ளளவைவிட, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுக்குப் பங்கு அதிகம். ஏஏசிஎஸ் என்ற பூட்டு இரண்டுக்கும் பொது. புளூ-ரேயில் அதற்கு மேல் பிடி-பிளஸ் என்று இன்னொன்று, அதற்கு மேல் ரீஜன் ஏ, பி, சி. நம் ஊர் சி. 2007-இன் முதல் பாதியில் ஏஏசிஎஸ் சாவி ஒன்று கசிந்து இணையமெங்கும் பரவியபோது, கூடுதல் பூட்டு கேட்டவர்களின் வாதத்துக்குத் தெம்பு கூடியது. ரீஜன் பூட்டு இல்லாதது வாங்குபவருக்கு வரம், ஸ்டுடியோவுக்குத் தலைவலி. கேள்வியில் எச்டி டிவிடியின் பலமாகச் சொன்னதே இங்கே பலவீனமாகிவிட்டது.

2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்டி டிவிடிக்கு மட்டும் என்று தாவின. 15 கோடி டாலர் அளவுக்குச் சலுகை கைமாறியதாக அப்போது செய்தி வந்தது. அது தோஷிபா பக்கம் வீசிய கடைசி நல்ல காற்று. 2008 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை, லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சிக்குச் சற்று முன்பு, மே மாதத்துக்குப் பின் புளூ-ரே மட்டும்தான் என்று வார்னர் அறிவித்தது. அமெரிக்க வீட்டு வீடியோவில் மிகப் பெரிய பங்கு அவர்களுடையது. டிவிடி காலத்தில் தோஷிபாவின் தோழர்களும் அவர்களே. எச்டி டிவிடி குழு கண்காட்சியில் வைத்திருந்த செய்தியாளர் கூட்டத்தை ரத்து செய்தது. தோஷிபா எச்டி-ஏ3 விலையை 149.99 டாலருக்கு இறக்கிப் பார்த்தது. பிப்ரவரி 11-இல், அப்போது டிஸ்க்கை வாடகைக்கு விட்ட நெட்ஃபிளிக்ஸும் பெஸ்ட் பை கடைகளும், 15-இல் வால்மார்ட்டும் புளூ-ரே பக்கம் போயின. பிப்ரவரி 19-இல் தோஷிபா தலைவர் அட்சுடோஷி நிஷிடா நிறுத்தத்தை அறிவித்தார். புளூ-ரேயை அறிவித்து அன்றோடு சரியாக 6 வருடம். மறு வருடம் தோஷிபாவே புளூ-ரே பிளேயர் விற்றது.

இந்தச் சண்டை நடந்த அதே 2007-இல் தமிழ்நாட்டுக் கடைகளில் பேச்சே வேறு. மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியிருந்தது. 499 டாலர் பிளேயர் இங்கே யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை. ஆனால் நம் படங்களின் நீளத்தை வைத்துப் பார்த்தால் கொள்ளளவு நமக்குத்தான் அதிகம் உறைக்கும். 3 மணி நேரப் படத்துக்கு 30 ஜிபியில் ஒலியும் சேர்த்துச் சராசரி நொடிக்கு 22 மெகாபிட் கிடைக்கும். 50 ஜிபியில் 37. ஒற்றை அடுக்கு 15 ஜிபியில் வெறும் 11 தான்.

இனி இரண்டாவது கேள்வி. எச்டி டிவிடி டிஸ்க்கைச் சாதாரண புளூ-ரே பிளேயரில் போட்டால் ஓடாது. லேசர் நிறம் ஒன்றாக இருந்தும், 0.6 மி.மீ. ஆழத்துக்குக் குவிக்க அதன் லென்ஸ் செய்யப்படவில்லை, கோடிங்கும் வேறு. இப்போது உள்ள வழிகள் மூன்று: பழைய தோஷிபா பிளேயர், எல்ஜி பிஎச்200, சாம்சங் பிடி-யுபி5000 போன்ற இரட்டைப் பெட்டி, அல்லது கணினி டிரைவ். கணினிக்கு எளியது எக்ஸ்பாக்ஸ் 360-இன் தனிப் பெட்டிதான். யுஎஸ்பியில் சொருகினால் விண்டோஸ் சாதாரண டிரைவாகவே எடுத்துக்கொள்ளும். அதற்குத் தனி பவர் அடாப்டர் உண்டு. செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது அடாப்டர் கூட இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே பொருத்தும் டிரைவ் என்றால் எல்ஜி ஜிஜிடபிள்யூ-எச்20எல், ஜிஜிசி-எச்20எல். பிந்திய எல்ஜி மாடல்களில் எச்டி டிவிடியை எடுத்துவிட்டார்கள். மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். டிஸ்க்கைத் திறந்தால் ஹெச்விடிவிடி_டிஎஸ் என்ற ஃபோல்டரில் படம் அடங்கிய இவிஓ ஃபைல்கள் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் டிஸ்க் காலியாகத் தெரிந்தால் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். கோப்பு முறை யுடிஎஃப் 2.5, எக்ஸ்பிக்கு அதற்குத் தனி டிரைவர் வேண்டும், விஸ்டா முதல் தானே படிக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த பிளேயர் என்றால், மின்னிணைப்புக்கு முன் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230-இல் நேராகச் சொருகினால் பவர் சப்ளை புகைந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் உள்ள வாட்ஸைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக எடுங்கள். எச்டி டிவிடிக்கு ரீஜன் இல்லை என்றாலும் அதே பிளேயரில் போடும் டிவிடிக்கு உண்டு. அமெரிக்கப் பெட்டி ரீஜன் 1. இந்திய ரீஜன் 5 டிவிடிகளை மறுத்துவிடும். ஒரு பக்கம் எச்டி, மறுபக்கம் டிவிடி உள்ள காம்போ டிஸ்க்கிலும் டிவிடிப் பக்கத்துக்கு இதே கதி.

டிஸ்க் நின்று நின்று ஓடினால் முதலில் பழுது எங்கே என்று பிரித்துப் பாருங்கள். ஒரே டிஸ்க் ஒரே இடத்தில் இரண்டு வேறு பிளேயரிலும் நின்றால் டிஸ்க் கெட்டது. வெவ்வேறு டிஸ்க்குகள் வெவ்வேறு இடத்தில் நின்றால் லென்ஸ் அழுக்கு, அல்லது லேசர் தளர்ச்சி. டிவிடி ஒழுங்காக ஓடி எச்டி மட்டும் படிக்கவில்லை என்றால் சந்தேகம் நீல டயோடு மேல். சிவப்புக்கும் நீலத்துக்கும் டயோடு தனி. லென்ஸைத் துடைக்க முதலில் ஊதுபந்தால் தூசியைத் தள்ளி, பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் எடை தராமல் ஒரு தடவு தடவுங்கள். அழுத்தினால் லென்ஸைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். பிரஷ் ஒட்டிய சிடி கிளீனர் டிஸ்க்கை நீல லேசர் பிளேயரில் போடவே வேண்டாம்.

கெட்டது டிஸ்க்தான் என்றால் பெரும்பாலும் கை விட வேண்டியதுதான். 2006 முதல் 2008 வரை வந்த வார்னர் எச்டி டிவிடிகள் இதில் பேர் போனவை. கீறல் இராது, கறை இராது, புதிது போலவே மின்னும். இரண்டு தகடுகளின் நடுவே உள்ள பசையும் தகவல் படலமும் உள்ளுக்குள் கெட்டிருக்கும். ஒட்டுத் தகடு என்றாலே ஓரத்திலிருந்து காற்றும் ஈரமும் நுழைய வழி உண்டு. அப்படிப்பட்ட டிஸ்க்குகளை வாங்கும்போது முழுக்க ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். முதல் பத்து நிமிடம் ஓடுவது எதற்கும் சாட்சியில்லை, அடுக்கு மாறும் இடத்தில்தான் பெரும்பாலும் மாட்டும்.

வெளிக்கீறல் என்றால் அந்த 0.5 மி.மீ. மறுபடி வேலை செய்கிறது, இந்த முறை எச்டி டிவிடிக்குச் சாதகமாக. 0.6 மி.மீ. பிளாஸ்டிக் இருப்பதால் டிவிடிக் கடைகளில் இருந்த பாலிஷ் இயந்திரத்தில் லேசாக ஒரு சுற்று விடலாம். புளூ-ரேயை அதில் கொடுத்துவிடாதீர்கள். பாலிஷ் முதலில் தின்பது கடினப் பூச்சை. அது போனபின் மிஞ்சும் 0.1 மி.மீ. மூடி கொஞ்சம் தேய்ந்தாலும் லேசர் குவியும் இடம் தவறிவிடும். அதற்கு மைக்ரோஃபைபர் துணி, ஒரு துளி நீர், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைப்பது, அவ்வளவுதான். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் டிராக்கோடு சேர்ந்தே ஓடும். பிழைதிருத்தம் அதைச் சமாளிக்காது. குறுக்கே விழுந்த கீறலை அது தாண்டிப் போய்விடும்.